கல்லில் பதிந்த இலை: அடையாளம் காண்பதும் வந்த இடம் தேடுவதும்

வன்னியில் யாராவது இலை பதிந்த கல் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தால், சுற்றி நிற்பவர்கள் முதலில் கேட்பது "இது என்ன இலை?" என்றுதான். அந்தக் கேள்வியை மூன்றாவது இடத்துக்குத் தள்ளிவையுங்கள். இது இலைதானா என்பது முதல் கேள்வி. இது என்ன கல் என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டால் பெயர் தேடும் வேலை பாதியாகக் குறைந்துவிடும். ஒழுங்கை மாற்றினால், தவறான பெயரோடு வருடக்கணக்காக அலுமாரியில் கிடக்கும்.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆசிரியை. எங்கள் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில், இடப்பெயர்வுகளுக்குப் பிறகு மிஞ்சிய ஒரு தகரப்பெட்டி இருந்தது. உள்ளே பதினெட்டுக் கற்கள். லேபல் ஒன்றுகூட ஒழுங்காக இல்லை. அவற்றை மாணவர்களோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்க இரண்டு தவணை எடுத்தது. அந்த வேலையில் பிள்ளைகளும் நானும் எங்கெங்கே சறுக்கினோமோ, அந்த இடங்களை மனத்தில் வைத்துத்தான் கீழே உள்ள படிகளை ஒழுங்குபடுத்தியிருக்கிறேன்.

1. முதலில் காலடி நிலத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

வன்னியின் உட்பகுதி முழுவதும் பழைய உருமாறிய பாறை. புவிச்சரிதவியலாளர்கள் இந்தப் பாறைத் தொகுதிக்கு வன்னித் தொகுதி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். வவுனியாவில், மாங்குளத்தில் வீடு கட்ட உடைக்கும் கருங்கல் இதுதான். வெளிரும் கறுப்புமாகப் பட்டை பட்டையாக இருக்கும், வெயிலில் மைக்கா மினுங்கும்.

இந்தக் கல்லில் இலை இருக்கவே முடியாது. இது 54 கோடி ஆண்டுகளுக்கு முந்திய பிரிகேம்பிரியன் காலத்துப் பாறை. தரையில் தாவரங்கள் பரவத் தொடங்கியதே ஏறத்தாழ 47 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்தான். அதாவது இலை என்ற ஒன்று உலகத்துக்கு வருமுன்னே உருவான கல் இது. போதாதற்கு நிலத்தின் ஆழத்தில் வெந்து உருமாறியும் இருக்கிறது.

கரைப்பக்கம் கதை வேறு. பூநகரி, மன்னார்க் கரைகளிலும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. மயோசீன் என்பது 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 53 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலம். இது கடலடியில் படிந்த கல் என்பதால் சிப்பியும் சங்கும் நிறையக் கிடைக்கும், இலை அரிது.

இலைப் பதிவுகளுக்குப் பெயர்போன இடங்கள் வன்னிக்குத் தெற்கே புத்தளம் மாவட்டத்தில் இருக்கின்றன: புத்தளம்–அனுராதபுரம் வீதிப் பக்கத்துத் தப்போவ, அதற்கும் தெற்கே அண்டிகம, பல்லம. அங்கே பழைய பாறைக்குள் நிலம் பிளவு வழியே கீழிறங்கி, அந்தப் பள்ளத்தில் ஜுராசிக் காலத்து (20.1 முதல் 14.5 கோடி ஆண்டுகளுக்கு முந்திய) அடையற்பாறை அரிபடாமல் தப்பியிருக்கிறது.

ஆகவே கிளிநொச்சியிலோ நெடுங்கேணியிலோ ஒரு வீட்டு முற்றத்தில் இலைக்கல் கிடைத்தால், அது அந்த மண்ணில் பிறந்ததல்ல என்று வைத்துக்கொண்டே தொடங்குங்கள். யாரோ கொண்டுவந்திருக்கிறார்கள், அல்லது டிப்பரில் வந்திருக்கிறது. "வந்த இடம் தேடுதல்" வன்னியில் இவ்வளவு முக்கியமாவது இதனால்தான்.

2. கையில் இருக்க வேண்டியவை

பத்து மடங்கு பெருக்கும் கைவில்லை, மில்லிமீற்றர் தெளிவாகத் தெரியும் அடிமட்டம், சின்ன ரோச் லைட், மென்மையான பிரஷ், ஒரு ஆணி, சிறு போத்தலில் வினாகிரி, பென்சில், கொப்பி, பழைய பத்திரிகைத் தாள். கமரா உள்ள எந்த போனும் போதும். பேனை வேண்டாம். தண்ணீர் பட்டால் மை கரையும், பென்சில் எழுத்து நிற்கும்.

வெளியே தேடப் போகிறவர்களுக்கு இரண்டு விடயம். மிதிவெடி அகற்றி முடிக்காத பகுதி என்று சிவப்புப் பலகை நிற்கும் இடத்துக்குள் எந்தக் காரணத்துக்காகவும் போகாதீர்கள். பலகை இல்லாத பற்றைக்காட்டுக்குள் போவதானாலும், அந்த இடத்தைத் தினமும் புழங்குகிற ஊரவரைக் கேட்டுவிட்டுப் போங்கள். அடுத்தது அனுமதி. வில்பத்து போன்ற பாதுகாக்கப்பட்ட காடுகளுக்குள் இருந்து ஒரு கல்லையும் எடுக்கக் கூடாது. தனியார் காணி என்றால் காணிக்காரரின் சம்மதம் வேண்டும். படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு கல்லை அங்கேயே விட்டுவிட்டு வருவது பல நேரங்களில் நல்லது.

3. குளத்துக் களியில் பயிற்சி

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். கல்லைத் தொடுமுன் இதைச் செய்த பிள்ளைகளுக்கும் செய்யாத பிள்ளைகளுக்கும் வித்தியாசம் எனக்கு ஒரே கிழமையில் தெரிந்தது.

குளத்தின் ஓரத்தில் இருந்து ஒரு வாளி களி எடுங்கள். வேர், கல் பொறுக்கி, ரொட்டி மா பதத்துக்குப் பிசையுங்கள். ஒரு அரச இலை, வாழை இலையில் கையகலத் துண்டு, ஒரு தென்னோலைத் துண்டு, கிணற்றுக் கட்டில் முளைத்திருக்கும் பன்னம், வேப்பங் கொத்து, யாராவது வீட்டு முற்றத்தில் சைக்கஸ் இருந்தால் அதில் ஒரு கீற்று. களியைத் தட்டையாக்கி, இலையை வைத்து, போத்தலை உருட்டி அழுத்தி, மெல்ல உரித்தெடுங்கள். ஒவ்வொரு இலையையும் இரண்டு தரம் அழுத்துங்கள்: ஒரு தரம் மேற்பக்கம், ஒரு தரம் கீழ்ப்பக்கம். நிழலில் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் வெடிக்கும்.

காய்ந்ததும் அறையை இருட்டாக்கி, ரோச்சைக் களியின் பக்கவாட்டில் கிட்டத்தட்டப் படுக்கையாகப் பிடித்துப் பாருங்கள். அரச இலையின் கீழ்ப்பக்கத்தில் நரம்பு புடைத்திருக்கும், அதனால் களியில் பள்ளமாக விழும். மேற்பக்கத்தில் நரம்பு தாழ்ந்திருக்கும், அது களியில் மேடாக நிற்கும். ஒரே இலை, இரண்டு முகம். கல்லிலும் இதே கதைதான்.

அப்புறம் ரோச்சை எதிர்ப்பக்கம் கொண்டுபோங்கள். பள்ளம் மேடாகத் தெரியும். கண் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதை வைத்துத்தான் மேடு பள்ளத்தை முடிவு செய்கிறது. ஆகவே ஒரு கல்லை எப்போதும் இடது மேல் மூலையில் இருந்து வெளிச்சம் வரும்படி வைத்துப் பார்க்கப் பழகுங்கள். படம் எடுப்பதும் அப்படியே. எல்லாரும் ஒரே மாதிரி எடுத்தால்தான் படங்களை ஒப்பிட முடியும்.

கடைசியாக, களியில் ஒரு பங்கு ஆற்றுமணல் கலந்து அதே அரச இலையை மறுபடி அழுத்துங்கள். நடு நரம்பு தெரியும், பக்க நரம்பு தெரியும், அவற்றுக்கு இடையே வலை போல ஓடும் நுண்ணரம்புகள் மறைந்துவிடும். இதை மறக்காதீர்கள். பருமணல் கல்லில் நுண்ணரம்பு தெரியவில்லை என்பதால் அந்த இலையில் நுண்ணரம்பு இருக்கவில்லை என்று எழுத முடியாது.

4. கழுவாதீர்கள்

கல் கைக்கு வந்ததும் கையெல்லாம் குழாயடிக்குத்தான் ஓடும். நிறுத்துங்கள். எங்கள் பெட்டியில் இருந்த நான்காவது கல்லை நான் கழுவினேன். மென்மையான களிக்கல் அது. தண்ணீர் பட்டதும் உள்ளே இருந்த களி ஊதி, ஏடு ஏடாகப் பிரிந்து, பதினைந்து நிமிடத்தில் சேறாகப் போனது. அதில் இருந்த பன்ன இலை இப்போது ஒரு படத்தில் மட்டும்தான் இருக்கிறது. அந்தப் படத்தையும் கழுவுமுன் ஒரு மாணவி எடுத்து வைத்திருந்ததால்தான் உண்டு.

முதலில் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள், பின்பக்கம் உட்பட. ஒட்டியிருக்கும் தாள், மை, பசை, மண், எதையும் சுரண்டாதீர்கள். அவைதான் பின்னால் வந்த இடத்தைச் சொல்லப்போகும் சாட்சிகள். பிறகு ஒரு எண் கொடுங்கள், எண்ணைத் தாளில் எழுதிக் கல்லோடு ஒரே பையில் போடுங்கள். கல் இரண்டாகப் பிளந்து ஒரு பாதியில் மேடும் மறுபாதியில் பள்ளமுமாக இருந்தால் இரண்டும் ஒரே இலை. 7அ, 7ஆ என்று எண்ணிடுங்கள். எங்கள் பெட்டியில் இப்படிப் பிரிந்து கிடந்த இரு பாதிகளை இரண்டு வேறு இலைகள் என்று யாரோ முன்பு எண்ணியிருக்கிறார்கள்.

தூசியைக் காய்ந்த பிரஷால் தட்டினால் போதும். தண்ணீர் பட்டால் சில பதிவுகள் தெளிவாகத் தெரியும் என்பது உண்மை. அதற்கு முன் கல்லின் பின்பக்க மூலையில் ஒரு துளி விட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். கல் அசையாமல் இருந்தால் மட்டும் ஈரமான பிரஷைத் தொடலாம்.

5. இது இலைதானா?

எங்களிடம் கொண்டுவரப்படும் "இலைக்கற்களில்" பெரும்பாலானவை இந்தக் கேள்வியைத் தாண்டுவதில்லை. அதிகம் ஏமாற்றுவது மங்கனீசுக் கோலம். கல்லின் வெடிப்புக்குள் நீர் கசிந்து மங்கனீசு ஒட்சைட்டைப் படியவிடும்போது, அது கிளை கிளையாகப் பிரிந்து அச்சு அசலாகப் பன்னம் போலவே வரும். கருங்கல்லிலும் வரும். இவ்வளவு அழகான ஒன்று இலை இல்லை என்று ஒரு பிள்ளையிடம் சொல்வது எளிதல்ல.

கைவில்லையை எடுங்கள். இலைக்கு விளிம்பு இருக்கும், உள்ளே நரம்பு, வெளியே கல் என்று ஒரு எல்லைக்கோடு. மங்கனீசுக் கோலத்துக்கு எல்லையே இல்லை, கிளைகள் போய்ப் போய் மெலிந்து மறையும். இலையின் நரம்பு ஓர் ஒழுங்கில் பிரியும், இடமும் வலமும் ஒத்திருக்கும். கோலம் எங்கே தோன்றுகிறதோ அங்கே பிரியும். பெரும்பாலும் வெடிப்பின் ஓரத்தில் இருந்து தொடங்கி உள்ளே பரவும். இலைப் பதிவுக்கு மேடு பள்ளம் உண்டு, பக்க வெளிச்சத்தில் நிழல் விழும். கோலம் வெறும் நிறம், நிழல் விழாது.

அடுத்தது சீமெந்து. ஈரச் சீமெந்தில் விழுந்த வேப்பிலை, பலா இலை எல்லாம் மிகத் தெளிவாகப் பதியும். உடைந்த நிலத்துண்டு சில வருடம் மழையில் கிடந்தால் கல் போலவே ஆகிவிடும். உடைந்த பக்கத்தைப் பாருங்கள்: சல்லிக்கல்லும் மணலும் கலந்திருந்தால், வட்டமான காற்றுக்குமிழிகள் இருந்தால், அது கொத்தனார் போட்டது. கிரவலில் ஒட்டிய இன்றைய இலையின் கறை மூன்றாவது. ஆணியால் மெல்லச் சுரண்டினால் நிறம் போய்விடும், கீழே ஒன்றும் இருக்காது.

6. கல்லைப் படியுங்கள்

இலையை மறந்துவிட்டு, கல்லின் உடைந்த பக்கத்தைக் கைவில்லையில் பாருங்கள். மணி தெரிகிறதா? விரலால் தேய்த்தால் மணலாக உதிர்கிறதா? சிறு துகளை நுனிப்பல்லில் கடித்துப் பார்ப்பது பழைய வழி: நறநறத்தால் வண்டல், வழுவழுத்தால் களி. ஏடு ஏடாகப் பிரிகிறதா? நிறம் என்ன? நிறத்தை உடைந்த புதுப் பக்கத்தில் பார்த்து எழுதுங்கள், வெளித்தோலின் நிறம் பொய் சொல்லும்.

பிறகு வினாகிரி. ஆணியால் பின்பக்கத்தில் கொஞ்சம் பொடியாக்கி, அந்தப் பொடியில் ஒரு துளி விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு உண்டு. பொடியாக்காமல் விட்டால் வினாகிரி போன்ற மெல்லிய அமிலத்தில் நுரை கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். நுரைத்ததும் "மன்னார்ச் சுண்ணாம்புக்கல்" என்று எழுதிவிடாதீர்கள். இலங்கையின் பழைய பாறைகளுக்கு நடுவே பளிங்குக்கல்லும் உண்டு, அதுவும் நுரைக்கும். பளிங்கில் சீனிக்கட்டி போன்ற பளபளப்பான மணிகள் தெரியும், சிப்பி தெரியாது.

பெட்டியைப் பிரித்தபோது எங்களுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் மூன்று வகை. மஞ்சளும் பழுப்புமான நுண்மணற்கல். வெள்ளைச் சுண்ணக்கட்டி போல விரலில் ஒட்டும் களிக்கல். கரும்சாம்பல் நிறத்தில், தேய்த்தால் விரல் கறுக்கும் கரிக்களிக்கல். இந்த மூன்றாவது வகை பெரும்பாலும் நிலக்கரிப் படையோடு சேர்ந்து வருவது. இலங்கையில் நிலக்கரிச் சுரங்கம் கிடையாது. ஆக இலையைப் பார்க்காமலே, இந்த வகையில் எங்களிடம் இருந்த மூன்று கற்களும் கடல் தாண்டி வந்திருக்க வேண்டும் என்ற சந்தேகம் எழுந்துவிட்டது.

7. படமும் வரைதலும்

அடிமட்டம் கல்லின் அதே உயரத்தில் இருக்கட்டும், கீழே கிடந்தால் அளவு பிழைக்கும். நேரே மேலிருந்து ஒரு படம், பக்க வெளிச்சத்தில் ஒரு படம், நரம்பு நெருக்கமாகத் தெரியும் இடத்தில் ஒரு படம். பிறகு பென்சிலால் வரையுங்கள். போன் இருக்கும்போது வரைவது எதற்கு என்று பிள்ளைகள் கேட்பார்கள். படம் எல்லாவற்றையும் ஒன்றாக எடுக்கும். வரையும் கை ஒவ்வொரு நரம்பிலும் நின்று, இது எங்கே சேர்கிறது என்று கேட்டே ஆக வேண்டும். உடைந்து போன பகுதியைப் புள்ளிக்கோட்டால் காட்டுங்கள், கற்பனையில் நிரப்ப வேண்டாம்.

8. இலையை விவரிக்கும் ஒழுங்கு

பெயரை நினைக்காமல் விவரியுங்கள். பெயர் மனதில் வந்துவிட்டால் கண் அந்தப் பெயருக்கு ஏற்றதை மட்டும் பார்க்கும்.

முதலில், இது முழு இலையா, கூட்டிலை ஒன்றின் சிறு பகுதியான சீறிலையா? வேப்பங் கொத்தில் இருந்து ஒரு சீறிலை தனியே விழுந்தால் அதை ஒரு முழு இலை என்றுதான் நினைப்போம். அதன் அடியைப் பாருங்கள், ஒரு பக்கம் சரிந்து ஏற்றத்தாழ்வாக இருக்கும். இப்படிச் சரிந்த அடி சீறிலைக்கு ஒரு குறிப்பு. பக்கத்தில் தண்டு, வேறு துண்டுகள் ஏதும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

அடுத்தது நரம்பு. அதிக நேரம் எடுக்க வேண்டியது இங்கேதான்.

நடு நரம்பு தடிப்பு, பக்க நரம்பு அதைவிட மெலிவு, அதற்கிடையே இன்னும் மெல்லிய வலை என்று படிப்படியாக இறங்கினால் அது பூக்கும் தாவரம். அரச இலை, மாவிலை, பாலை, வீரை எல்லாம் இப்படித்தான். இப்படிப்பட்ட இலைகள் ஜுராசிக்குக்கு அடுத்து வந்த கிரேத்தேசியக் காலத்தில்தான் பரவின, ஆகவே ஜுராசிக் கல்லில் இது இருப்பதாகத் தோன்றினால் கல்லையும் இலையையும் மறுபடி பாருங்கள்.

நாக்கு வடிவம், தெளிவான நடு நரம்பு, அதில் இருந்து நேரே புறப்படும் வலை, வலையின் நரம்புகள் எல்லாம் ஒரே தடிப்பு. இது குளொசொப்தரிசு என்ற அழிந்துபோன தாவரத்தின் இலை. எங்கள் கரிக்களிக்கல் ஒன்றைக் கையில் எடுத்த மாணவி உடனே "ரீச்சர், இது மாவிலைதானே?" என்று கேட்டாள். வடிவத்தில் மாவிலையே தான். மாமரத்தில் இருந்து ஒரு இலையைப் பறித்து வரச் சொல்லி, இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துக் கைவில்லையைக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "மாவிலையில பெரிய நரம்பு, சின்ன நரம்பு எண்டு இருக்கு. இதில எல்லாம் ஒரே அளவு," என்றாள். அந்த ஒரு வித்தியாசம் இரண்டு தாவரங்களையும் இருபது கோடி ஆண்டுகளுக்கு மேல் பிரித்து வைக்கிறது. குளொசொப்தரிசு பேமியன் காலத்தது, 29.9 முதல் 25.2 கோடி ஆண்டுகளுக்கு முந்தியது.

பட்டி போல நீண்ட இலை, நடுவே தடித்த நரம்பு, பக்க நரம்புகள் வாழை இலையில் போல ஏறத்தாழச் செங்குத்தாக நெருங்கி ஓடும். இந்த வடிவத்துக்குத் தீனியொப்தரிசு என்று பெயர். வாழையோடு உறவு கிடையாது.

தண்டின் இரு பக்கமும் சீறிலைகள் சீப்புப் பல் போல நெருங்கி நின்றால் தென்னோலை, சைக்கஸ், தைலோபில்லம் என்ற உயிர்ச்சுவடு இலை (ஆங்கில எழுத்தில் தொடக்கத்தில் ஒரு P உண்டு, உச்சரிப்பதில்லை) மூன்றும் நினைவுக்கு வரும். தென்னோலையின் ஒவ்வொரு சீறிலைக்கும் ஈர்க்கு உண்டு. சைக்கஸ் சீறிலைக்கும் நடுவே ஒற்றை நரம்பு உண்டு. தைலோபில்லத்தின் சீறிலையில் ஈர்க்கே இல்லை, பல மெல்லிய நரம்புகள் சமாந்தரமாக ஓடும். இன்னொன்று, அதன் சீறிலைகள் தண்டின் மேற்பக்கத்தில் ஒட்டியிருக்கும். மேலிருந்து பார்த்தால் தண்டு பெரும்பாலும் மறைந்துவிடும், கீழிருந்து பார்த்தால் முழுத்தண்டும் தெரியும். களிப்பயிற்சியில் இரண்டு முகமும் அழுத்தச் சொன்னது இதற்காகத்தான். அந்தப் பயிற்சி செய்யாதவர்கள் ஒரே தாவரத்துக்கு இரண்டு பெயர் வைத்துவிடுவார்கள்.

அரிவாள் போல வளைந்த சிறு சீறிலைகள், ஒவ்வொன்றிலும் நடு நரம்பு, பக்க நரம்புகள் கவட்டையாகப் பிரியும் என்றால் கிளாடோபிளெபிசு வகைப் பன்னம். பாம்புத்தோல் போலச் செதில்கள் தண்டை மூடியிருந்தால் பிராக்கிபில்லம் போன்ற கூம்புத் தாவரம். நரம்பே தெரியாவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

விளிம்பு, நுனி, அடி, நீளம், அகலம் எல்லாம் அதன் பிறகுதான். அகலத்தை இலையின் அகன்ற இடத்தில் அளந்து, நீளம் முழுமையானதா உடைந்ததா என்று பக்கத்தில் எழுதுங்கள்.

9. பெயரை எவ்வளவு தூரம் சொல்லலாம்

சாதிப் பெயரோடு, அதாவது நெருங்கிய இனங்களுக்குப் பொதுவான பெயரோடு, நில்லுங்கள். "தைலோபில்லம் போன்றது" என்று எழுதுவது அவமானம் இல்லை. இனப்பெயர் வரை போவதற்கு இலைத்தோலை நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டியிருக்கும். தைலோபில்லம் சைக்கஸ் போலத் தெரிந்தாலும் பெனற்றைற்றேல்சு என்ற அழிந்துபோன வேறொரு கூட்டத்தைச் சேர்ந்தது. வெறும் வடிவத்தை வைத்து இந்த இரண்டு கூட்டங்களையும் பிரிக்க முடியாத இலைகள் பல உண்டு. இலைத்தோலில் உள்ள நுண்துளைகளான இலைவாய்களின் அமைப்புத்தான் அங்கே தீர்ப்புச் சொல்லும்.

இன்னொரு தடுமாற்றம். உயிர்ச்சுவடு இலையின் பெயர் மரத்தின் பெயர் ஆகாது. இலை, தண்டு, பூ தனித்தனியே கிடைப்பதால் தனித்தனிப் பெயர் பெற்றிருக்கின்றன. இந்தியாவின் இராச்மகால் மலைகளில் கிடைத்த தைலோபில்லம் இலையும் பக்லாந்தியா தண்டும் வில்லியம்சோனியா பூவும் ஒரே தாவரத்தின் உறுப்புகள் என்று 1932இல் இந்தியத் தாவரவியலாளர் பீர்பல் சாஹ்னி பொருத்திக் காட்டினார். உங்கள் லேபலில் "தைலோபில்லம் இலை" என்று எழுதுங்கள், "தைலோபில்லம் மரம்" வேண்டாம்.

10. எங்கிருந்து வந்தது?

இங்கே ஒரு கசப்பான உண்மை. இலை மட்டும் ஊரைச் சொல்லாது. குளொசொப்தரிசு இந்தியா, தென்னாபிரிக்கா, அவுஸ்திரேலியா, அந்தாட்டிக்கா எங்கும் உண்டு. அந்தக் காலத்தில் இவையெல்லாம் கொண்டுவானா என்ற ஒரே நிலமாக ஒட்டியிருந்தன. தைலோபில்லம் தப்போவவிலும் உண்டு, தமிழ்நாட்டில் சிறீபெரும்புதூர், சிவகங்கைப் படைகளிலும் தெரணிக் களியிலும் உண்டு. அதனால் ஊரைத் தேடும்போது மறுபடி கல்லுக்கே வர வேண்டும். எங்கள் வெள்ளைக் களிக்கல்லில் தைலோபில்லம் இருந்தது. தெரணியின் களிக்குழிகளில் கிடைப்பதும் வெளிர்க் களிதான், எனவே அந்தத் திசையில் கேட்கத் தொடங்கினோம். அதே இலை பதிந்த பழுப்பு நுண்மணற்கல்லை அந்தக் கூட்டத்தில் சேர்க்கவில்லை.

கல்லின் ஓரங்கள் அடுத்த சாட்சி. ஆற்றில் உருண்டு வந்த கல் மூலை மழுங்கியிருக்கும். களிக்கல் ஆற்றில் உருண்டால் மிஞ்சவே மிஞ்சாது. ஆகவே கூரிய ஓரமுள்ள களிக்கல்லை "கனகராயன் ஆற்றில் அள்ளியது" என்று யாராவது சொன்னால் நம்பக் கூடாது. அந்த ஆறு வவுனியாப் பக்கத்தில் இருந்து இரணைமடுவுக்கு வரும் வழியெல்லாம் பழைய பாறைதான்.

பிறகு மனிதக் கை பட்ட அடையாளங்கள். வாளால் அறுத்த நேரான பக்கம், வெள்ளைப் பூச்சின் மேல் கறுப்பு மையில் சிறு எண், இவை சேகரிப்பில் இருந்து வந்த கல் என்று காட்டும். எங்கள் மூன்று கரிக்களிக்கற்களிலும் அப்படி எண் இருந்தது, மூன்றும் ஒரே கையெழுத்து. ஒன்றாக வாங்கிய கற்பித்தல் தொகுதி ஒன்றின் மிச்சம் என்று எடுத்துக்கொண்டோம். பின்பக்கத்தைச் சுரண்டினால் வெள்ளையாக உதிர்ந்து, ஓரத்தில் அச்சுக்கோடு தெரிந்தால் அது பாரிஸ் சாந்தில் வார்த்த பிரதி. எங்களிடம் அப்படியும் ஒன்று இருந்தது.

சுற்றியிருந்த பத்திரிகைத் தாளை எறியாதீர்கள். அதில் உள்ள திகதி, கல் எடுக்கப்பட்ட நாளைச் சொல்லாது, ஆனால் அந்தத் தாள் அச்சாகுமுன் அதில் சுற்றியிருக்க முடியாது என்பதைச் சொல்லும். எந்த மொழி, எந்த ஊர்ப் பதிப்பு என்பதும் ஒரு நூல் முனை.

கடைசியாக ஆட்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஆய்வுகூட உதவியாளர்கள், பழைய மாணவர்கள். கேட்கும் முறை முக்கியம். "இது தப்போவக் கல்லா சேர்?" என்று கேட்டால் "ஓம், இருக்கும்" என்றுதான் பதில் வரும். "இந்தக் கற்களைப் பற்றி ஞாபகம் இருக்கிறதைச் சொல்லுங்கோ சேர்" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். எங்கள் பழைய உதவியாளர் ஐயா பழுப்புக் கல்லைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒரு கல்விச் சுற்றுலாவில் புத்தளம் வீதியில் ஒரு குளத்தடியில் பஸ் நின்றதையும் அங்கே பிள்ளைகள் கல் பொறுக்கியதையும் சொன்னார். ஊர்ப்பெயர் அவருக்கு வரவில்லை. நாங்களும் எடுத்துக் கொடுக்கவில்லை. சொன்னதைச் சொன்னபடி எழுதினோம்.

11. லேபலும் அடுத்த கையும்

கல்லின் எண், கல்லின் விவரம், இலையின் விவரம், பெயர், இடம், அந்த இடத்தை எதை வைத்துச் சொல்கிறோம், யார் எப்போது பார்த்தார்கள். இதில் ஆறாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். காரணம் இல்லாத இடப்பெயரைப் பின்னால் வருபவர் சரிபார்க்க வழியே இல்லை. இடத்துக்கு நேரே "நிச்சயம்", "பெரும்பாலும்", "தெரியாது" மூன்றில் ஒன்றையும் எழுதுங்கள்.

மேலே போக விரும்பினால் பேராதனைப் பல்கலைக்கழகப் புவிச்சரிதவியல் துறையையும் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தையும் அணுகலாம். படங்களை முதலில் அனுப்புங்கள், கல்லைப் பிறகு. தப்போவ இலைகளை 1922இல் சீவார்ட், ஹோல்ட்டம் என்ற தாவரவியலாளர்கள் முறையாக விவரித்திருக்கிறார்கள் என்பதால் ஒப்பிடுவதற்கு அவர்களிடம் அடிப்படை உண்டு.

எங்கள் பதினோராம் கல்லின் லேபல் இப்படி இருக்கிறது: "11. பழுப்பு நுண்மணற்கல், வினாகிரிக்கு நுரைக்கவில்லை, ஓரங்கள் கூர்மை. ஈர்க்கில்லாத சீறிலைகள், சமாந்தர நரம்பு, தண்டு மறைந்திருக்கிறது: மேற்பக்கம். தைலோபில்லம் போன்றது. இடம்: பெரும்பாலும் தப்போவ. ஆதாரம்: கல்லின் வகை, இலை, சுற்றுலா பற்றிய வாய்மொழி, ஊர்ப்பெயர் சொல்லப்படவில்லை." அதன் கீழே இரண்டு வரி வெறுமையாக விட்டிருக்கிறோம், அடுத்துப் பார்ப்பவர் எழுதுவதற்கு.